மக்னீற்றோக் கணக்கு

ரொறொன்ரோ
12.11.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மது எழுதுவது. நானும் சுலோஜனாவும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? பதுளைக் குளிருக்கு அது குறையாது என்று தெரியும், இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் மருமகன் பிரவீணன் படிக்கிறானா, அல்லது இன்னும் கிரிக்கெட்தானா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போனில் கணக்குப் பேசினால் கார்ட் முடியுமே தவிரக் கணக்கு முடியாது. நான் வேலை செய்யும் பறப்புப் பள்ளியில் ஐந்து சின்ன விமானங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு என்ஜின், நாலு பேர் ஏறலாம். அந்த என்ஜினுக்குப் பொறி கொடுப்பது இரண்டு மக்னீற்றோ. உள்ளே ஒரு காந்தம் சுற்றிச் சுற்றித் தன் கரண்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பழைய சாமான். ஐந்நூறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிச் சரிபார்க்க வேண்டும். ஒன்றுக்கு எழுநூறு டொலர். இப்போது ஒரு விற்பனைக்காரன் வந்து, ஒரு பக்க மக்னீற்றோவைக் கழற்றிவிட்டு எலெக்ரோனிக் இக்னிஷன் போடுங்கள், பெற்றோல் மிச்சமாகும், போட்ட காசு ஒன்றே கால் வருடத்தில் திரும்பி வரும் என்று முதலாளியின் காதில் ஊதிவிட்டுப் போயிருக்கிறான். பூட்டுக்கூலியோடு விமானத்துக்கு நாலாயிரத்து இருநூறு.

முதலாளி றொஸ் எங்கள் ஆறு மெக்கானிக்குகளிடமும், "வாங்கலாமா, வேண்டாமா? காரணத்தோடு எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். எங்கள் போர்மன் வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். இதை நன்றாக எழுதுகிறவனுக்கு அந்த இடம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. ஓ.எல்லில் கணக்குப் பாஸானதே நீங்கள் மண்டையில் குட்டிய குட்டினால்தான். விலை விபரங்களும் ஐந்து விமானங்களின் பறப்புப் பதிவுகளும் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பார்வை பாருங்கள் அக்கா.

அன்புள்ள தம்பி,
மது

பதுளை
7.1.2007

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோசம். இங்கே மூன்று கிழமையாக விடாத மழை. பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவதற்குள் சேலை முழங்காலளவு சேறாகிறது. அந்த முழங்காலைத்தான் நீ விசாரித்தாய். அது அப்படியே இருக்கிறது. பிரவீணன் படிக்கிறான். வரும் ஓகஸ்ட்டில் ஏ.எல். பரீட்சையை மூன்றாம் தரம் எழுதுகிறான். அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள் என்பதால் மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான். போன தரம் இன்னும் கொஞ்சம் புள்ளி வந்திருந்தால் என்ஜினியரிங் கிடைத்திருக்கும். இந்த முறை விடமாட்டான் என்று நினைக்கிறேன்.

கணக்குக் கேட்டு எழுதியிருக்கிறாய். முப்பது வருடமாக "ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்புகின்றன" என்று படிப்பிக்கிறவளுக்கு இது தீபாவளி. அத்தான் கண்மூடிய இந்த நாலு வருடத்தில் ஒரு விசயத்தில் இவ்வளவு மனம் வைத்து நான் உட்கார்ந்ததில்லை.

விற்பனைக்காரன் பொய் சொல்லவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அவ்வளவுதான். நீளப் பறக்கும்போது மணிக்கு மூன்று லீற்றர் மிச்சம் என்கிறான். சரி. ஆனால் உன் பதிவுகளைப் பார்த்தேன். ஐந்தில் மூன்று விமானங்கள் பிள்ளைகள் பழகுவதற்காக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன; நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளப் பறக்கின்றன. ஏறும்போது முழு வேகத்தில் ஓடுகிற என்ஜினுக்கு இந்தப் புதுச் சாமான் ஒரு துளியும் மிச்சம் பிடிக்காது என்று அவன் தாளிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இன்னொன்று. மக்னீற்றோ தன் கரண்டைத் தானே உண்டாக்கும் என்றாய். இதற்குக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பதுளையில் இருக்கிறவளுக்கு அந்தக் கேள்விதானே முதலில் வரும். அதற்கென்று தனிப் பற்றரி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நூற்றிருபது டொலர். அதை அவன் கணக்கில் சேர்க்கவேயில்லை.

எல்லாம் போட்டுப் பார்த்தால், நீளப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கும் காசு ஒன்றரை வருடத்தில் திரும்பும். மற்ற மூன்றுக்கும் மூன்றே கால் வருடம். அவற்றின் மக்னீற்றோக்களைப் போன ஆவணியில்தான் காசு செலவழித்துச் சரிபார்த்திருக்கிறீர்கள். ஆகவே இரண்டுக்குப் போடுங்கள், மூன்றை விடுங்கள். வழிமுறை முழுவதும் எட்டுத் தாளில் இருக்கிறது. உன் எழுத்தில் பார்த்து எழுதிக் கொடு. எழுத்துப் பிழை விடாதே.

அன்புடன்,
அக்கா

ரொறொன்ரோ
4.3.2007

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அதைவிட மேல் என்றே சொல்லலாம். நான் இப்போது போர்மன். சுலோஜனா பாயாசம் காய்ச்சினாள்.

உங்கள் எட்டுத் தாளையும் இங்கிலிசில் எழுதி, சின்ன மகளைக் கொண்டு ரைப் பண்ணிக் கொடுத்தேன். முதலாளி அதை இரண்டு தரம் படித்தார். பன்னிரண்டாயிரத்து அறுநூறு டொலர் வீண்போக இருந்ததைத் தடுத்துவிட்டாய் என்று எல்லோருக்கும் முன்னால் கையைப் பிடித்துக் குலுக்கினார். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டார். எங்கள் வீட்டில் கணக்குத்தான் சாப்பாடு என்றேன். சிரித்தார்.

இப்போது அவர் அந்த அறிக்கையைப் பக்கத்துப் பறப்புக் கழகங்களுக்கும் காட்டியிருக்கிறார். அவர்களிடம் வேறு வேறு என்ஜின். நாலு சிலிண்டர், ஆறு சிலிண்டர் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிய அறிக்கை வேண்டுமாம், என் பெயர் போட்டு. ஜூனில் ஒரு கூட்டத்தில் நான் பேசவும் வேண்டும். புதிய வீடு ஒன்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். என்ஜின் படங்கள், வயர் படங்கள், எரிபொருள் அட்டவணைகள் எல்லாம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பொதியாக அனுப்பட்டுமா?

அன்புள்ள தம்பி,
மது

பதுளை
8.4.2007

அன்புள்ள தம்பிக்கு,

உன் உத்தியோக உயர்வு கேட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தொதல் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு றஷீனா ரீச்சர் உனக்காக வட்டிலப்பம் செய்து, நீ இல்லாததால் நாங்களே சாப்பிட்டோம். பிரவீணனும் நானும் சுகம்.

பொதி அனுப்பாதே. நீ அங்கே செய்தி பார்த்திருப்பாய். போன மாதக் கடைசியில் கொழும்புப் பக்கம் இரவில் சின்ன விமானம் வந்து குண்டு போட்ட பிறகு, இங்கே அந்தச் சொல்லையே ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. பஸ்ஸில் அடையாள அட்டையை ஒன்றுக்கு மூன்று தரம் வாங்கிப் பார்க்கிறார்கள். எங்களுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் பார்த்ததும் முகத்தையும் பார்க்கிறார்கள். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருந்தாலும் அட்டை மாறவில்லையே.

படம் ஒன்றும் வேண்டாம். உன் கடிதத்துக்குள் வெறும் எண்களை மட்டும் எழுது. ஆனால் ஆறு சிலிண்டருக்கு எரிபொருள் அட்டவணை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. உயரத்துக்கு உயரம் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டும். அதை மட்டும் எப்படியாவது பார். பாதியில் நிற்கிற கணக்கு எனக்குப் பல்லிடுக்கில் நார் மாதிரி.

அன்புடன்,
அக்கா

ரொறொன்ரோ
22.4.2007

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

அட்டவணைகள் மட்டும் முப்பது பக்கம் வருகின்றன, கையால் எழுத எனக்கு ஏது நேரம்? ஜூன் கூட்டம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். வெறும் காகிதம்தானே அக்கா, எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய புத்தகத்தின் பிரதிகள். யார் என்ன செய்யப்போகிறார்கள்? பிரவீணனுக்காக, விமானத்தின் இறக்கையில் கை வைத்து நான் நிற்கும் படம் ஒன்றும் உள்ளே வைத்திருக்கிறேன். மேசையில் வைத்துக்கொண்டு படிக்கட்டும்.

அவசரத்தில்,
மது

பதுளை
23.5.2007

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

பொதி வந்தது. ஈரப்பட்டுப் பழுதாகிவிட்டது, ஒன்றும் வாசிக்க முடியவில்லை. இனி அனுப்ப வேண்டாம். கணக்கும் இனி வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூட வேலை கூட. போன் எடுத்தபோது பிரவீணன் எங்கே என்று கேட்டாய். ரியூசனுக்குப் போயிருக்கிறான். சிநேகிதன் வீட்டில் தங்கிப் படிக்கிறான்.

அக்கா

பதுளை
28.5.2007

மதிப்புக்குரிய தம்பி மதுசூதனனுக்கு,

பக்கத்து வீட்டு றஷீனா ரீச்சர் எழுதுகிறேன். இறைவன் உதவியால் நீங்களும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது குணமணி அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டா. ஆனாலும் எழுதாமல் இருந்தால் எனக்கு நித்திரை வராது.

உங்கள் பிரவீணனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மே பதினாறாம் திகதி, நீங்கள் அனுப்பிய பொதியை எடுக்கத் தபால் கந்தோருக்குப் போன இடத்தில் பிடித்தார்கள். பொதியை முன்பே திறந்து பார்த்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அங்கே பியோன் வேலை செய்கிற முருகையா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து, "டீச்சரம்மா, சீக்கிரம் வாங்க, தம்பிய ஜீப்புல ஏத்திட்டாங்க" என்றார். அக்கா கையில் சோக்கோடு அப்படியே ரோட்டுக்கு ஓடினா. நாங்கள் போகும்போது ஜீப் போய்விட்டது.

சின்ன விமானம், வயர், பெற்றோல் எவ்வளவு தூரத்துக்குப் போதும் என்ற அட்டவணை, விமானத்தோடு நீங்கள் நிற்கிற படம். இவ்வளவும் தமிழ்ப் பெயருக்கு வந்திருக்கிறது. வீட்டைச் சோதித்து அக்கா போட்ட கணக்குத் தாள்களையும் உங்கள் கடிதங்களையும் எடுத்துப் போய்விட்டார்கள். கணக்குப் போட்டது நான்தான், என்னைப் பிடியுங்கள் என்று அக்கா சொல்லிப் பார்த்தா. அம்மா பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லுகிறா என்று நினைக்கிறார்கள். இப்போது பொடியன் கொழும்பில். உங்களுக்குச் சொன்னால் குற்றவுணர்ச்சியில் உருகிப் போவீர்கள் என்றுதான் அக்கா மறைக்கிறா.

நாங்கள் பிடித்திருக்கும் சட்டத்தரணி நல்லவர். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் முதலாளி, கம்பனிக் கடிதத் தாளில், இந்தப் பேப்பர்கள் தங்கள் தொழிலுக்கானவை என்றும், முதல் அறிக்கைக்குக் கணக்குப் போட்டுத் தந்தது குணமணி என்ற கணக்கு ஆசிரியை என்றும், அதனால்தான் இந்தப் பொதி அவருக்கு அனுப்பப்பட்டது என்றும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த அறிக்கையும் கூட வர வேண்டும். அது வந்தால் ஒரு மாதத்துக்குள் பொடியனை எடுக்கலாம் என்கிறார். ஓகஸ்ட் முதல் கிழமையில் ஏ.எல். சோதினை. பொடியனுக்குக் கடைசித் தரம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே.

நான் ஐந்து நேரமும் துஆச் செய்கிறேன். நீங்கள் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்.

றஷீனா

ரொறொன்ரோ
17.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

றஷீனா ரீச்சர் எழுதிவிட்டா. அவவைக் கோபிக்காதீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வாய் வரவில்லை. போனில் ரியூசன் என்றீர்களே. நான் அதை நம்பி, நன்றாகப் படிக்கட்டும் என்று வேறு சொன்னேன்.

நான்தான் செய்தேன். அனுப்பாதே என்று எழுதினீர்கள், அனுப்பினேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். இங்கே தின்றது நான், குடிப்பது அந்தப் பிள்ளை. சுலோஜனா இரண்டு நாளாகச் சமைக்கவில்லை.

முதலாளி இப்போது ஊரில் இல்லை. புளோரிடாவில் ஒரு வீடு இருக்கிறது, கோடைக்குப் போய்விட்டார். எப்போது வருவார் என்று தெரியவில்லை. அதுவரைக்கும் நானே ஒரு சத்தியக் கடிதம் எழுதி, சட்டத்தரணி முன்னால் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன். அந்தப் பேப்பர்கள் எல்லாம் என்னுடையவை, என் வேலைக்காக என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். செலவுக்கு வங்கியில் காசும் போட்டிருக்கிறேன். அது போதும் என்று நினைக்கிறேன் அக்கா. போதும்தானே?

மது

பதுளை
5.7.2007

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. றஷீனாவோடு ஒரு நாள் பேசாமல் இருந்தேன். மறுநாள் அவள்தான் எனக்குச் சோறு கொண்டு வந்தாள்.

உன் சத்தியக் கடிதத்தைச் சட்டத்தரணி மேசையில் வைத்துவிட்டு, "தாய்மாமன் மருமகனுக்கு எழுதினது. இதை ஒருத்தரும் கையிலயும் எடுக்க மாட்டினம் அம்மா" என்றார். முதலாளியின் கடிதம்தான் வேண்டுமாம். அவர் புளோரிடாவில் இருந்தால் அங்கே போன் இல்லையா? ஒரு பக்ஸ் அனுப்ப முடியாதா? ஆளை அனுப்பியாவது கேள். உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டவள் இல்லை நான். இதைக் கேட்கிறேன்.

போன கிழமை பார்க்க விட்டார்கள். இரவு ரயிலில் போய், பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த ரயிலில் வந்தேன். மெலிந்து போனான். "அம்மா, போன வருசக் கேள்வித்தாள் கொண்டு வந்தனீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டான். கொண்டுதான் போனேன். சமன்பாடுகளைப் பார்த்துவிட்டு உள்ளே விடமாட்டோம் என்றார்கள். மனத்துக்குள்ளேயே கணக்குச் செய்கிறானாம். விடையைச் சொன்னான், நான் சரி என்றேன். சரியா என்று எனக்கே தெரியாது, கேள்வியைக் கேட்க நேரமில்லை.

இங்கே கச்சான் காற்று அடித்து மண்ணெல்லாம் பொடியாய்ப் பறக்கிறது. பரீட்சைக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.

அக்கா

பதுளை
27.8.2007

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று முன்தினம், சனிக்கிழமை, பிரவீணன் வீட்டுக்கு வந்துவிட்டான். உனக்குப் போனில் சொன்னேன், ஆனாலும் எழுதினால்தான் எனக்கு நடந்தது போல இருக்கும்.

உன் முதலாளியின் கடிதம் ஜூலை இருபத்தேழாம் திகதி கையில் கிடைத்தது. இருபதாம் திகதி போட்டு, கையெழுத்து வைத்து, அறிக்கையையும் இணைத்து, கீழே தன் வீட்டுப் போன் நம்பரையும் எழுதியிருந்தார். சட்டத்தரணி அதைக் கொடுத்த பிறகு ஒருவரும் மறு கேள்வி கேட்கவில்லையாம். அங்கே ஒரு பெரிய அதிகாரி, "இந்தக் கடுதாசி முதலிலேயே இருந்திருந்தால் இவ்வளவு நாள் ஏன்?" என்று கேட்டாராம். பேப்பர் மேசைக்கு மேசை நகர்ந்து வர ஒரு மாதம் எடுத்தது.

பரீட்சை முடிந்துவிட்டது. இணைந்த கணிதம் நடந்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் மேற்பார்வைக்குப் போகவேண்டியிருந்தது. வெறுமையாக இருந்த மேசைகளை எண்ணிப் பார்த்தேன். வந்தவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குளித்தான், சாப்பிட்டான், படுத்தான். கதவைச் சாத்த விடுகிறானில்லை.

விடுமுறையைப் பாதியில் விட்டு வந்து முதலாளி எழுதித் தந்தார் என்று போனில் சொன்னாய். எவ்வளவு பெரிய மனம். பிரவீணன் அவருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்கிறான். உன்னைப் பற்றியும், மாமா இல்லாட்டி நான் வந்திருக்க மாட்டேன் என்று றஷீனாவிடம் சொன்னான். விலாசத்தை எழுது.

அன்புடன்,
அக்கா

ரொறொன்ரோ
12.9.2007

அக்காவுக்கு,

சுகம் கேட்கிற தகுதி எனக்கு இல்லை. அதனால் நேரே எழுதுகிறேன்.

முதலாளி புளோரிடாவுக்குப் போகவில்லை. அவருக்கு அங்கே வீடும் இல்லை. அந்தக் கோடை முழுவதும் தினமும் காலை ஏழரைக்கு எனக்கு முன்னால் வந்து கோப்பி போட்டுக்கொண்டிருந்தார். றஷீனா ரீச்சரின் கடிதம் ஜூன் பதினோராம் திகதி என் கைக்கு வந்தது. நான் அவரிடம் போய்க் கேட்டது ஜூலை இருபது. முப்பத்தொன்பது நாள்.

அவர் கடிதம் தர வேண்டுமானால், கணக்குப் போட்டது நான் இல்லை, என் அக்கா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அந்த அறிக்கைக்காகத்தான் போர்மன் ஆக்கினார். றஷீனா ரீச்சரின் கடிதம் வந்த கிழமைதான் கூட்டத்தில், அந்தப் பழைய அறிக்கையையே காட்டி, நூறு பேருக்கு முன்னால், என் பெயரைச் சொல்லி, இவனைப் போல ஒரு மூளை என்றார். நான் எழும்பி நின்று கும்பிட்டேன் அக்கா. வீட்டுக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. பொய்க்காரன் என்று வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது என்று நினைத்தேன். என் சத்தியக் கடிதம் போதும் என்று எனக்கு நானே சொன்னேன். போதாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஜூலை ஐந்தாம் திகதி எழுதிய கடிதம் வந்த பிறகுகூட மூன்று தரம் அவர் அறை வாசல்வரை போய், பிளக் வாங்க வேண்டும், எண்ணெய் வாங்க வேண்டும் என்று வேறு ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். சுலோஜனாவுக்கும் புளோரிடாப் பொய்தான். ஜூலை பத்தொன்பது இரவு அவள், அவர் மனைவிக்குப் போன் எடுத்துக் கேட்கிறேன் என்றாள். பிடிபடுவேன் என்ற பயத்தில்தான் மறுநாள் போனேன். பிரவீணனுக்காகக்கூட இல்லை.

சொன்னேன். அவர் சிரித்தார். "நீ எழுதவில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். வேலைத் தாளில் உன் கூட்டல் எப்போதாவது சரியாக வந்திருக்கிறதா? வீட்டில் யாரோ உதவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்பானர் பிடிக்கிற கைக்காகத்தான் உன்னைப் போர்மன் ஆக்கினேன்" என்றார். பிறகு பிரவீணனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டார். பத்து நிமிடத்தில் எழுதித் தந்தார். அதற்குப் பிறகு என்னோடு வேலையைத் தவிர ஒன்றும் பேசுவதில்லை.

பத்து நிமிட வேலை அக்கா. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே தந்திருப்பார்.

பிரவீணன் அவருக்கு நன்றி எழுதட்டும், விலாசம் கீழே இருக்கிறது. எனக்கு நன்றி சொல்ல விடாதீர்கள். அவனுக்கு இதைச் சொல்வதானால் சொல்லுங்கள். நீங்கள் என்னோடு இனிப் பேசாவிட்டாலும் அது நியாயம்தான்.

மது

பதுளை
14.10.2007

தம்பிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். மூன்று தரமும் உன்னைத் திட்டித்தான் எழுதினேன். நன்றாகவும் வந்தது. பிறகு கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கணக்கு ரீச்சர், கை சும்மா இருக்காது. அவன் வெளியே வந்தது ஓகஸ்ட் இருபத்தைந்து. அதிலிருந்து உன் முப்பத்தொன்பது நாளைக் கழித்தேன். ஜூலை பதினேழு. பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்திருக்கும். அவன் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பான். அதை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டேன். அன்று இரவு முழுவதும் உன்னை வெறுத்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அடுத்த நாள்தான் மற்றதையும் கழிக்க வேண்டும் என்று பட்டது. ஒருவருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். பொதி வந்திருக்கிறது என்று தபால் கந்தோரிலிருந்து வந்த அறிவித்தல் துண்டு என் பெயருக்குத்தான் வந்தது. பொதியை எடுக்கப் போக வேண்டியவள் நான். பிரவீணன், "அம்மா, நீங்களே பின்னேரம் போய் எடுங்கோவன். எனக்குப் படிக்க இருக்கு. அதோட இப்ப உந்தப் பொதியெல்லாம் வேணுமோ?" என்றான். பின்னேரம்வரை பொறுக்க எனக்கு முடியவில்லை. அந்த ஆறு சிலிண்டர் அட்டவணைக்காக ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரண்டாம் பாடம் எனக்கு ஓய்வு. பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து கணக்கைத் தொடங்கலாம் என்று நினைத்தேன். துண்டில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையையும் கொடுத்து, "பத்து நிமிச வேலைதானே, ஓடிப்போய் எடுத்து வா" என்று அனுப்பினேன். படம் அனுப்பாதே என்று உனக்கு எழுதின அதே கடிதத்தில் அட்டவணையை எப்படியாவது பார் என்று எழுதினவளும் நான்தான்.

நான் போயிருந்தால் என்னைப் பிடித்திருப்பார்கள். எனக்கு எழுதப் பரீட்சை ஏதும் இல்லை. அப்படிக் கழித்தால், அவன் ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்கத் தேவையில்லை.

ஆகவே உன்னை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. மன்னிக்க வேண்டியவன் அடுத்த அறையில் இருக்கிறான். மொனராகலையில் கரும்புத் தோட்டத்துக் கந்தோரில் ஒரு கிளார்க் வேலை இருக்கிறதாம், நாளை திங்கட்கிழமை போகிறான். உன் முப்பத்தொன்பது நாளையும் சொல்லவில்லை, என் துண்டையும் சொல்லவில்லை. துண்டை அவன் ஒருநாளும் எடுத்துப் பேசியதில்லை. மறந்துவிட்டான் என்று நினைக்க எனக்கு ஆசைதான்.

உன் கடிதத்தை நான் மடித்தபோது, மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டான். சுகம் விசாரித்திருக்கிறான் என்றேன். நாங்களும் சுகம் என்று எழுதுங்கோ என்றான்.

நாங்கள் சுகம்.

அக்கா